எள்ளில் முளைத்த வெண்பஞ்சு

பெட்டியைத் திறந்ததும் முதலில் வந்தது வாடைதான். மழைக்காலம் முழுவதும் மூடிக் கிடந்த பரணைத் திறந்தால் வருமே, ஈரமும் மண்ணும் கலந்த அந்தப் பூஞ்சண வாடை. 2015ஆம் ஆண்டு நவம்பர், டிசம்பர் மழையில் கடலூர் வெள்ளக்காடானபோது, திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் வீட்டுக்குள்ளும் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது. நுண்ணோக்கிப் பெட்டி பரண்மேல் இருந்ததால் நனையாமல் தப்பியது. தப்பிவிட்டதே என்ற நிம்மதியில் அதன்பிறகு அதைத் திறந்து பார்க்கவே இல்லை. கடற்கரை ஊரில் ஒரு பொருள் கெட்டுப்போக வெள்ளம் தேவையில்லை, காற்றே போதும் என்பதை யோசிக்காமல் விட்டுவிட்டேன்.

அம்பாலாவில் செய்த ஒற்றைக் குழல் மாணவர் நுண்ணோக்கி அது. நான் முதுகலை சேர்ந்த ஆண்டு அப்பா வாங்கிக்கொடுத்தார். 10 மடங்குக் கண்ணருகு லென்ஸ் ஒன்று, 10 மடங்கும் 45 மடங்குமாகப் பொருளருகு லென்ஸ்கள் இரண்டு, அடியில் வெளிச்சம் பிடிக்கும் கண்ணாடி. பதினொன்றாம் வகுப்புக்குப் புரோட்டிஸ்டாவையும் (உட்கருவுள்ள, பெரும்பாலும் ஒற்றைச் செல் உயிரிகள்) பூஞ்சைகளையும் நடத்த வேண்டிய வாரம் நெருங்கிக்கொண்டிருந்தது. பாரமீசியத்தைப் படத்தில் காட்டிவிட்டுப் பாகங்களைக் குறிக்கச் சொல்வதில் எனக்கு மனம் ஒப்புவதில்லை. நீந்துவதை நீந்தும்போது பார்க்க வேண்டும். அதனால்தான் பெட்டியை இறக்கினேன்.

ஜன்னல் வெளிச்சத்தில் கண்ணருகு லென்ஸைச் சாய்த்துப் பிடித்ததும் விஷயம் தெரிந்துவிட்டது. உள்ளே சிலந்தி வலைபோல இழைகள், ஓரத்திலிருந்து நடுவை நோக்கிக் கிளை பிரிந்து ஓடியிருந்தன. தூசியாக இருந்தால் புள்ளி புள்ளியாகத்தான் தெரியும். இப்படிக் கிளை பிரிந்து ஓடினால் அது பெரும்பாலும் பூஞ்சைதான். குழலில் பொருத்திப் பார்த்தபடி கண்ணருகு லென்ஸை மெல்லத் திருப்பினேன். கறைகள் கூடவே சுழன்றன. ஆகவே கேடு முழுவதும் அல்லது பெரும்பகுதி அங்கேதான் என்று முடிவு செய்தேன்.

அந்த லென்ஸுக்குள் இரண்டு கண்ணாடிகள் உண்டு. இரண்டுக்கும் ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் குவிவு. தட்டைப் பக்கங்கள் இரண்டும் கண்ணை நோக்கி இருக்க வேண்டும். கழற்றுவதற்கு முன் இதைத் தாளில் படம் வரைந்து அருகில் வைத்துக்கொண்டேன். இப்படிப்பட்ட வேலையைத் தொடங்குகிறவர்கள் இந்த ஒன்றை மட்டும் விட்டுவிடக் கூடாது; திருப்பி மாட்டிவிட்டு எங்கே தவறு என்று தேடுவது கொடுமை. ரப்பர் ஊதுபந்தால் தூசியை ஊதி அகற்றிவிட்டு, மருந்துக் கடையில் கிடைக்கும் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடை லென்ஸ் துடைக்கும் தாளில் நனைத்துக் கண்ணாடிமேல் ஐந்து நிமிடம் படிய வைத்தேன். பிறகு காய்ச்சி வடித்த நீர், அதன்பிறகு ஐசோபுரோபைல் ஆல்கஹால். நடுவிலிருந்து ஓரத்துக்குச் சுழற்றித் துடைக்க வேண்டும். அழுத்தவே கூடாது. மூன்று முறை செய்ததில் இழைகள் போயின. ஆனால் ஓரிடத்தில் விரல் நுனி அகலத்துக்கு மெல்லிய கிளைக்கோடு மட்டும் அப்படியே நின்றது. அது இழை இல்லை, இழை கிடந்த தடம். பூஞ்சை கண்ணாடியை உண்பதில்லை. நம் கைரேகையின் எண்ணெயையும் தூசியையும்தான் உண்கிறது. உண்ணும்போது அது வெளியேற்றும் அமிலம் கண்ணாடியை அரித்துவிடுகிறது. அந்தத் தழும்பை எதனாலும் துடைக்க முடியாது.

சுத்தமான கண்ணருகு லென்ஸைத் தலைகீழாகப் பிடித்தால் அது நல்ல உருப்பெருக்கிக் கண்ணாடியாகிவிடும். அதை வைத்துப் பொருளருகு லென்ஸ்களின் முனைகளைச் சோதித்தேன். 45 மடங்கு லென்ஸின் முனையில் பழைய எண்ணெய்ப்பிசுக்கு இருந்தது. துடைத்ததோடு நிறுத்திக்கொண்டேன். அதைப் பிரித்தால் உள்ளிருக்கும் கண்ணாடிகளின் இடைவெளியை வீட்டில் சரிசெய்ய முடியாது. குவியத் திருகில் கிரீஸ் மெழுகாக இறுகியிருந்தது. மண்ணெண்ணெயில் கழுவிப் புது கிரீஸ் வைத்ததும் வெண்ணெயாகச் சுழன்றது.

பெட்டியைத் தூக்கி எறிய இருந்தவள், வெல்வெட் துணியில் பச்சை நீறாகப் படிந்திருந்ததைக் கண்டு கையை நிறுத்தினேன். முதல் மாதிரி வீட்டிலேயே இருக்கிறதே. முகக்கவசம் அணிந்துகொண்டு, செல்லோடேப் துண்டை அந்தப் பச்சைமேல் ஒற்றி எடுத்தேன். அதன்மேல் ஸ்பிரிட் ஒரு சொட்டு. பூஞ்சையின் வித்துகள் (ஸ்போர்கள்) நீரை ஒட்டவிடாதவை என்பதால் இது தேவை. பிறகு நீலப் பேனா மையில் வினிகர் கலந்து ஒரு சொட்டு. 450 மடங்கில் பார்த்தபோது நிமிர்ந்த காம்பு, அதன் தலையில் உருண்டை, உருண்டையைச் சுற்றிச் சங்கிலி சங்கிலியாக வித்துகள். ஆஸ்பெர்ஜில்லஸ். 1729இல் இதற்குப் பெயர் வைத்த மிக்கேலி ஒரு பாதிரியார். தேவாலயத்தில் புனித நீர் தெளிக்கும் கருவியின் தலையை ஒத்திருந்ததால் அதன் பெயரையே இட்டார். எனக்குக் கல்யாண வாசலில் நிற்கும் பன்னீர்ச் செம்புதான் நினைவுக்கு வந்தது. இழைகளில் அங்கங்கே குறுக்குச்சுவர் இருப்பதும் நீல நிறத்தில் தெளிவாகத் தெரிந்தது.

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு ரொட்டித் துண்டையும் ஈரமாக்கி மூடி வைத்திருந்தேன். கடலூர் வெக்கையில் மூன்றே நாளில் ரைசோபஸ் என்ற ரொட்டிப் பூஞ்சணம் வந்துவிட்டது. வெள்ளைப் பஞ்சின்மேல் கடுகைவிடச் சிறிய கருந்தலைகள். அதன் இழைகளில் குறுக்குச்சுவர் இல்லை. ஒரே நீண்ட குழாய், அதற்குள் பல உட்கருக்கள். இது வேறுபாடு எனக் குறித்துக்கொண்டேன். பின்னால் இதே வேறுபாடு என்னைக் குழப்பப்போகிறது என்று அப்போது தெரியாது. 2021இல் கொரோனாக் காலத்தில் 'கருப்புப் பூஞ்சை' என்று வீடு வீடாகப் பயந்தோமே, அந்த நோயைப் பெரும்பாலும் உண்டாக்கியதும் இந்த ரைசோபஸ் பேரினம்தான். கருப்பு என்பது பூஞ்சையின் நிறமே இல்லை. இரத்த ஓட்டம் நின்று இறந்துபோன தசையின் நிறம். பெயர் ஊரெல்லாம் பரவிய வேகத்தில் இந்த விளக்கம் பரவவில்லை என்ற வருத்தம் எனக்கு இன்றும் உண்டு.

ரொட்டியும் வெல்வெட்டும் ஒன்றைத் தெளிவாகச் சொல்லித் தந்தன. பூஞ்சைக்கு வாய் கிடையாது. உணவின்மேல் செரிமான நொதிகளைச் சுரந்து, வெளியிலேயே செரிக்கவைத்து, கரைந்ததை உறிஞ்சிக்கொள்கிறது. அதற்கேற்ற உடல்தான் இழை. எவ்வளவு நீள்கிறதோ அவ்வளவு பரப்பில் உறிஞ்சலாம். செல்சுவர் கைட்டினால் ஆனது. இறால் ஓட்டிலும் வண்டின் சிறகிலும் இருக்கும் அதே பொருள்.

அடுத்து நீந்துபவை. ஒரு பிடி வைக்கோலைக் கொதிக்கவைத்து ஆறவிட்டு, கெடிலம் ஆற்றோரப் பள்ளத்து நீரை ஒரு டம்ளர் ஊற்றி வைத்தேன். இரண்டாம் நாள் நீர் கலங்கி மேலே ஏடு கட்டியது, அது பாக்டீரியா. மூன்றாம், நான்காம் நாள்களில் துடுக்கான சிறு கசையிழை உயிரிகள், சாட்டைபோன்ற இழையை வீசி நீந்துபவை. ஆறாம் நாள் பாரமீசியம். டம்ளரை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தாலே வெண்புள்ளிகள் நகர்வது கண்ணுக்குத் தெரிந்தது. கால் மில்லிமீட்டர் நீளமுள்ள ஒற்றைச் செல் அது! ஓட்டத்தை அடக்கச் சில பஞ்சு இழைகளை நீரில் போட்டேன். இழைகளுக்கிடையே சிக்கி நின்றதும், அதன் உடலின் இரு முனைகளிலும் நட்சத்திரம்போல ஒன்று விரிந்து, வட்டமாகித் திடீரென மறைந்தது. மீண்டும் விரிந்தது. சுருங்கும் நுண்குமிழ். நன்னீர் ஓயாமல் செல்லுக்குள் புகுந்துகொண்டே இருப்பதால் அது ஓயாமல் இறைத்து வெளியேற்றுகிறது. 2015இல் வீட்டுக்குள் வந்த தண்ணீரை இரவு முழுவதும் வாளியால் இறைத்துக்கொண்டிருந்த எனக்கு, அந்த உயிரியின் அருகில் உட்கார்ந்திருப்பதாகவே தோன்றியது. வெகுநேரம் கண்ணை எடுக்கவில்லை.

மாட்டுத் தொழுவத்தை ஒட்டித் தேங்கிய பச்சைத் தண்ணீரில் யூக்ளினா கிடைத்தது. பசுங்கணிகம் இருக்கிறது, ஒளிச்சேர்க்கை செய்கிறது, ஆனால் செல்சுவர் இல்லை. உடலை நெளித்துச் சுருக்கி ஊர்கிறது. அயோடின் சொட்டு விட்டால் பச்சைத் தாவரச் செல்லில் ஸ்டார்ச் கருநீலமாகும், இதில் ஆகவில்லை. இது சேமிப்பது பாராமைலான் என்ற வேறு மாவுப்பொருள். பசுங்கணிகமும் இதன் சொந்தச் சொத்து அல்ல. முன்னோர் ஒன்று ஒரு பச்சைப்பாசியை விழுங்கிச் செரிக்காமல் உள்ளேயே வைத்துக்கொண்டதன் மிச்சம். இதைத் தாவரவியல் ஆசிரியரும் நடத்துவார், விலங்கியல் ஆசிரியரும் நடத்துவார்.

இனி எள். இந்தப் பதிவை எழுத வைத்தது அதுதான்.

நீரில் வாழும் பூஞ்சணங்களைப் பிடிக்க விதைகளைத் தூண்டிலாகப் போடுவது பழைய ஆய்வக வழக்கம். எள் நன்றாக வேலை செய்யும். ஒரு தேக்கரண்டி எள்ளை வேகவைத்தேன். ஐந்து கண்ணாடிக் கிண்ணங்கள் எடுத்துக்கொண்டு, நான்கில் கெடிலத்துப் பள்ளத்து நீர், ஐந்தாவதில் அதே நீரைக் கொதிக்கவைத்து ஆறியது. ஒவ்வொன்றிலும் ஆறேழு எள். நான்காம் நாள் காலை, நான்கு கிண்ணங்களிலும் எள்ளைச் சுற்றி வெண்பஞ்சு வட்டமாகப் பூத்திருந்தது. கொதிக்கவைத்த நீரில் எள் எள்ளாகவே கிடந்தது. எனவே வந்தது எள்ளோடு வரவில்லை. ஆற்று நீரிலிருந்துதான் வந்தது.

ஒரு எள்ளை எடுத்து 100 மடங்கில் பார்த்தேன். இழைகள், கிளைகள், குறுக்குச்சுவர் இல்லை. ரொட்டியின் ரைசோபஸுக்கும் இதற்கும் என்ன வேறுபாடு என்று யாராவது கேட்டிருந்தால் அந்த நிமிடத்தில் எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. நான் படித்த காலத்தில் பைக்கோமைசீட்ஸ் என்ற ஒரே தலைப்பின்கீழ் இரண்டையும் அடக்கியிருந்தார்கள். இழை நுனிகள் சில கதாயுதம்போலத் தடித்து, உள்ளே மணி மணியாக நிறைந்திருந்தன. ஒன்றைத் தேர்ந்து 450 மடங்குக்கு மாற்றி, சொட்டு காயாமல் ஓரத்தில் நீர் சேர்த்தபடி காத்திருந்தேன். கோயில் மணி அடித்து, தெருவில் பால்காரர் வந்து போய், முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும். மணிகள் அசையத் தொடங்கின. நுனி திறந்தது. ஒன்றன்பின் ஒன்றாகப் பிதுங்கி வெளியே வந்து, வந்த கையோடு நீந்திப் போயின. பூஞ்சை என்று நினைத்த ஒன்றின் வித்துகள் மீன்குஞ்சுகளாக ஓடின. வாய்விட்டுக் கத்திவிட்டேன், சமையலறையிலிருந்து மாமியார் ஓடி வந்தார். அவரையும் பார்க்க வைத்தேன். "எள்ளுக்குள்ளே இத்தனை உயிரா?" என்றார்.

வெளியே வந்ததும் வாயிலேயே பந்துபோலத் திரண்டு நின்றால் அது அக்லியா. உடனே பிரிந்து நீந்தினால் சாப்ரோலெக்னியா. என் கிண்ணத்தில் இருந்தது இரண்டாவது. இரண்டுமே ஊமைசீட்ஸ், நீர்ப்பூஞ்சணங்கள். செல்சுவரின் முக்கியப் பொருள் கைட்டின் இல்லை, செல்லுலோஸும் அதைச் சார்ந்த குளுக்கன்கள் என்ற சர்க்கரைச் சங்கிலிகளும். நீந்தும் வித்துக்கு இரண்டு கசையிழைகள். ஒன்று மழமழப்பானது, மற்றொன்றின் இருபுறமும் நுண்ணிய மயிர்கள். என் நுண்ணோக்கியில் அந்த மயிர்கள் தெரியா, அதற்கு எலக்ட்ரான் நுண்ணோக்கி வேண்டும். அவற்றை வைத்துத்தான் இந்தக் கூட்டத்துக்கே ஸ்ட்ராமினோபைல் என்று பெயர். இலத்தீனில் வைக்கோல் மயிர் என்று பொருள். இந்தக் கூட்டத்தில் வேறு யார் இருக்கிறார்கள் என்றால், கடலின் பழுப்புப் பாசிகளும் டயாட்டம்களும்.

அன்று மாலையே தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரைக்குப் போய், மெல்லிய பட்டுத்துணியில் நான்கு வாளிக் கடல்நீரை வடிகட்டி, துணியில் தங்கியதை ஒரு குப்பியில் கொண்டுவந்தேன். வட்ட வட்டமான டயாட்டம்கள், சிலிக்காவால் ஆன கண்ணாடிச் சிமிழ்கள். மூடியும் அடியும் தனித்தனியாக, குங்குமச் சிமிழ்போலப் பொருந்தியவை. இன்னும் சில சங்கிலியாகக் கோத்து முட்களோடு கிடந்தன. பொன்பழுப்பு நிறத்தில் ஒளிச்சேர்க்கை செய்யும் இந்தக் கண்ணாடிச் சிமிழ்தான் எள்ளில் முளைத்த வெண்பஞ்சின் உறவு. அச்சாக அதைப்போலவே இருக்கும் ரொட்டிப் பூஞ்சணத்துக்கும் அதற்கும் நெருங்கிய உறவே கிடையாது. அழுகும் பொருளில் ஊடுருவி உறிஞ்சிப் பிழைக்க வேண்டும் என்றால் இழை வடிவம் வசதியானது. அதனால் இரண்டு தனித்தனி வம்சங்கள் ஒரே உருவத்துக்கு வந்து சேர்ந்திருக்கின்றன.

வகுப்பில் இதைச் சொல்ல எனக்கு அஞ்சறைப்பெட்டிதான் கைகொடுத்தது. தாவரம், விலங்கு என்ற இரண்டே அறைகள் போதாமல் 1866இல் ஜெர்மானிய உயிரியலாளர் ஹெக்கல் புரோட்டிஸ்டா என்ற மூன்றாவது அறையைச் சேர்த்தார். 1969இல் அமெரிக்கச் சூழலியலாளர் விட்டேக்கர் ஐந்து உலகங்களாக்கினார்: மொனிரா (பாக்டீரியா போன்ற உட்கரு இல்லாதவை), புரோட்டிஸ்டா, பூஞ்சைகள், தாவரங்கள், விலங்குகள். பூஞ்சைகளைத் தாவரங்களிலிருந்து பிரித்துத் தனி அறை கொடுத்தது, உண்ணும் முறையை வைத்து அவர் செய்த பெரிய திருத்தம். ஆனால் புரோட்டிஸ்டா அறையில், உட்கரு உண்டு, மற்ற மூன்றிலும் சேராது என்ற ஒரே காரணத்துக்காக எல்லாம் கொட்டிக் கிடந்தன. பாரமீசியம், யூக்ளினா, அமீபா, டயாட்டம், மலேரியாவின் பிளாஸ்மோடியம் எல்லாம் ஒரே அறையில். மரபணுக்களை ஒப்பிடத் தொடங்கியபின் அந்த அறை ஒரு குடும்பம் இல்லை என்று தெளிவாகிவிட்டது. பாரமீசியமும் பிளாஸ்மோடியமும் ஒருவருக்கொருவர் நெருக்கம்; அமீபாவோ வேறு கிளையில், பூஞ்சைக்கும் நமக்கும் பக்கத்தில். ஆம், பூஞ்சைக்குத் தாவரத்தைவிட விலங்குதான் நெருங்கிய உறவு. பூஞ்சைக்கும் விலங்குக்கும் பொது முன்னோரின் செல்லைப் பின்னாலிருந்து உந்தியது ஒற்றைக் கசையிழை; மனித விந்தணுவில் அது இன்றும் இருக்கிறது.

"டீச்சர், தேர்வில் இதை எழுதினால் மதிப்பெண் கிடைக்குமா?" என்று முதல் வரிசை மாணவி கேட்டாள். ஐந்து உலகங்களை எழுது, அதன் கீழே இதையும் ஒரு வரி எழுது என்றேன். அவள் கேட்டதில் தவறில்லை. உறவு தெரிவதால் யாருக்கு என்ன பயன் என்பதுதான் அந்தக் கேள்வியின் அடியில் இருப்பது. அதற்கு விடை சிதம்பரம் பக்கத்திலிருந்து தானாகவே வந்தது.

அங்கே கொடிக்கால் வைத்திருக்கும் என் சித்தப்பா மகன் பேசினான். "அக்கா, வெற்றிலையில் அழுகல் விழுந்துவிட்டது. கார்பென்டசிம் இரண்டு முறை அடித்தேன், கேட்கவே இல்லை." நான்கு நோய்ப்பட்ட இலைகளை ஈரத்துணியில் சுற்றி பஸ்ஸில் கொடுத்தனுப்பச் சொன்னேன். கருகிய இடமும் பச்சை இடமும் சேரும் ஓரத்தைச் சிறு துண்டுகளாக வெட்டிச் சுத்தமான நீரில் மிதக்கவிட்டேன். இரண்டாம் நாள், துண்டின் ஓரத்தில் எலுமிச்சம்பழ வடிவில், நுனியில் சிறு முகட்டோடு வித்துப்பைகள். பார்த்ததும் மனம் கனத்தது. பைட்டோப்தோரா. கிரேக்கத்தில் தாவர அழிப்பான் என்று பொருள். 1845இல் அயர்லாந்தின் உருளைக்கிழங்கை அழித்துப் பஞ்சத்துக்கு வித்திட்டதும் இந்தப் பேரினத்தைச் சேர்ந்ததுதான். இதுவும் ஊமைசீட்ஸ், என் எள் பஞ்சின் பங்காளி.

கார்பென்டசிம் உண்மைப் பூஞ்சைகளின் செல் பிரிதலைத் தடுக்கும் மருந்து. ஊமைசீட்ஸிடம் அது செல்லாது. பூச்சிமருந்துக் கடையில் இரண்டையும் கொல்லும் மருந்துகளுக்கு ஒரே பெயர், பூஞ்சைக்கொல்லி. தம்பி ஏமாந்தது அந்தப் பெயரில்தான். நான் பார்த்ததை மட்டும் வைத்து மருந்து சொல்லக் கூடாது என்பதால், இலைகளை வேளாண் அலுவலரிடம் காட்டச் சொன்னேன். அவரும் உறுதி செய்து, வடிகாலைச் சீராக்கவும் வேரில் போர்டோ கலவை ஊற்றவும் சொன்னார். நீரில் நீந்தி வந்து தொற்றும் நோய்க்கு, தேங்கும் தண்ணீரை வெளியேற்றுவது பாதி மருத்துவம். போர்டோ கலவை மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்தது. பிரான்சில் தாவரவியலாளர் மில்லார்தே 1885இல் அதை வெளியிட்டதும் திராட்சையைத் தாக்கிய ஓர் ஊமைசீட்ஸுக்கு எதிராகத்தான். மூன்று வாரம் கழித்துப் புதிய அழுகல் விழவில்லை என்று தம்பி சொன்னான். இழந்த கொடிகள் இழந்தவையே. அந்த இரண்டு தெளிப்புக்கான செலவும் போனதுதான்.

நுண்ணோக்கி இப்போது கூடத்து அலமாரியில், சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு மூடிய பிளாஸ்டிக் பெட்டியில் இருக்கிறது. நீலமணிகள் இளஞ்சிவப்பாக மாறும்போது வெறும் வாணலியில் மெல்லிய தீயில் வறுத்து நீலமாக்கித் திரும்ப வைக்கிறேன். பழைய வெல்வெட் பெட்டியை எரித்துவிட்டேன். கண்ணருகு லென்ஸின் தழும்பு எதைப் பார்த்தாலும் மங்கலான நிழலாகக் கூடவே வருகிறது. எள்ளைப் பார்க்கும்போது அந்த நிழல் இழையும் எள்ளின் இழையும் ஒரே வட்டத்தில் தெரியும். ஒன்று பூஞ்சை விட்டுப்போனது, மற்றொன்று பூஞ்சையே இல்லாதது.

மீதமிருப்பது ஒன்று. உண்மைப் பூஞ்சைகளிலும் நீந்தும் வித்துடையவை உண்டு, கைட்ரிட்கள். பின்பக்கம் ஒரே கசையிழை. பொது முன்னோரின் சாயல் மாறாதவை. மகரந்தத் தூளை நீரில் தூவி அவற்றைப் பிடிப்பார்கள். ஊசியிலை மரத்தின் மகரந்தம் இதற்குப் பெயர் பெற்றது. அது இங்கே கிடைக்காததால் தேவனாம்பட்டினத்துச் சவுக்குத் தோப்பில் ஆண் பூங்கொத்துகளைத் தாளில் தட்டி எடுத்து, கெடிலத்து நீர்மேல் மூன்று கிண்ணங்களில் தூவியிருக்கிறேன். இன்று நான்காம் நாள். காலையில் பார்த்தபோது மகரந்தம் மகரந்தமாகவே மிதந்தது. மாலையில் ஒரு மணியின் ஓரத்தில் சிறு உருண்டை ஒன்று ஒட்டியிருந்தது. அது நீர்க்குமிழியா, வேறு ஏதாவதா என்று இரவு விளக்கில் தெளிவாகத் தெரியவில்லை. காலை வெயிலுக்குக் காத்திருக்கிறேன்.